பல வாயிலுக்கு ஒரு திறவுகோல்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரை ஒன்று எழுதி அனுப்புமாறு ஆசிரியர் எம்மைப் பணித்தபோது யாம் பெரிதும் தயங்கினோம். புலவர் பெருமக்களும் மாணவ நண்பர்களும் இலக்கிய நலங்களை ஆராய்ந்தெழுதும் இப்பக்கங்களில், கணினிகளுக்கிடையே காலங்கழிக்கும் எம்போன்றோர்க்கு என்ன வேலை என்று எண்ணினோம். ஆயினும் எமது தொழிலைச் சற்றே ஊன்றி நோக்கியவிடத்து, அஃது உலகின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்றே என்பது புலனாயிற்று. அது வாயில் காக்குந் தொழில். வருபவர் யார், அவர் உண்மையாகவே அவர்தாமா, உள்ளே புகுந்தால் எவ்வெவ் அறைகளுக்குச் செல்லலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே அத்தொழிலின் முழுப்பொருள். அதனை இயந்திரங்களின் துணைகொண்டு செய்யப்புகுந்து யாம் பட்ட பாட்டையும், அதனாற் பெற்ற படிப்பினையையும் ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

இக்கல்லூரி விடுதியில் யாம் தங்கிப் பயின்ற காலத்தில் வாயிலில் முதிய காவலர் ஒருவர் இருந்தார். இரவு எட்டு மணிக்குமேல் வருவோர் யாவரும் அவரிடமுள்ள நீண்ட ஏட்டில் தம் பெயரைத் தம் கையாலேயே எழுதிவிட்டு உள்ளே செல்லவேண்டும். ஒருநாள் யாம் மிகவும் காலந்தாழ்த்து வந்து, விளையாட்டாக எம் நண்பர் ஒருவரின் பெயரை எழுதிவிட்டு உள்ளே சென்றோம். மறுநாட் காலையில் விடுதித் தலைவர் அந்நண்பரை அழைத்துக் கடிந்தார். நண்பர் ஒன்றும் விளங்காமல் விழித்தார். அப்போது காவலர் ஏட்டைக் கொணர்ந்து, "ஐயா, இது அந்தத் தம்பியின் கையெழுத்து அன்று" என்று மட்டும் சொன்னார். யார் கையெழுத்து என்று அவர் சொல்லவில்லை; எம்மை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. யாமே சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டோம். அந்நிகழ்ச்சியை யாம் அன்று ஒரு சிறு நாணமாகவே கருதினோம். அதன் முழுப்பொருளும் எமக்கு விளங்க இருபது ஆண்டுகள் சென்றன.

2013-ஆம் ஆண்டில் யாம் ஒரு கல்வி நிலையத்தின் கணினிப் பிரிவிற் பொறுப்பேற்றோம். அதன் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. பலர்க்கும் ஒருங்கே பணிசெய்யும் பெரிய கணினிகளைச் சர்வர் என்பது வழக்கு. அங்கே அத்தகைய சர்வர்கள் இருபத்திரண்டு இருந்தன. மாணவர் வருகை ஒன்றில், மதிப்பெண் ஒன்றில், சம்பளக் கணக்கு ஒன்றில், நூலகப் பட்டியல் ஒன்றில், ஆய்வாளர்களின் கோப்புகள் வேறொன்றில் என இவ்வாறு பிரிந்து கிடந்தன. ஒவ்வொரு சர்வரும் தன் வாயிலில் தனித்தனியே ஓர் ஏடு வைத்திருந்தது. அவ்வேட்டிற் பெயர் உள்ளவர் மட்டுமே அவ்வாயிலிற் புகலாம். ஆகவே புதிதாக ஆசிரியர் ஒருவர் பணியிற் சேர்ந்தால் ஏழெட்டு ஏடுகளில் அவர் பெயரை எழுதவேண்டும். அவர் ஏழெட்டுக் கடவுச்சொற்களை நினைவில் வைக்கவேண்டும். மனித நினைவு அதற்கு இடங்கொடாது. ஆதலின் விசைப்பலகையின் அடியிலும் மேசைக் கண்ணாடியின் கீழும் துண்டுச் சீட்டுகள் தோன்றின. பணியினின்று விலகிச் சென்றோரின் பெயரை எல்லா ஏடுகளினின்றும் நீக்குவதோ ஒருநாளும் முற்றுப்பெறவில்லை. ஓய்வுபெற்று மூன்று ஆண்டுகள் கழிந்த ஒருவரின் பெயர் இரண்டு சர்வர்களில் உயிருடன் இருந்ததை யாமே கண்டோம்.

இன்னொரு நுட்பமான கேடும் இருந்தது. அச்சர்வர்களை இயக்கும் லினக்ஸ் என்னும் முறைமை, மனிதரைப் பெயரால் அறிவதில்லை; எண்ணால் அறிகின்றது. ஒருவரைச் சேர்க்கும்போது அடுத்த எண் எதுவோ அதனை அவருக்கு இடுகின்றது. ஓரிடத்தில் 1004 என்னும் எண் கணக்காளருடையது. மற்றோரிடத்தில் அதே எண் ஆய்வகத்து மாணவருடையது. கோப்புகளை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பெயர்த்தால், கணக்காளரின் கோப்பு மாணவருக்கு உரிமையாகிவிடும். எவரும் திருடாமலே பொருள் கைமாறும் விந்தை அது.

இத்தொல்லைகளுக்கு அஞ்சி யாம் ஒரு சுருக்கு வழி கண்டோம். மதிப்பெண் சர்வருக்கு 'அலுவலகம்' என்னும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் அமைத்து, அங்குப் பணிசெய்த ஐவருக்கும் அதனையே கொடுத்தோம். ஐந்து முறை எழுதும் வேலை ஒருமுறையில் முடிந்தது. அதனை யாம் அன்று திறமை என்று எண்ணியிருந்தோம்.

2014-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாணவரின் மதிப்பெண், உரிய ஆணையின்றி மாற்றப்பட்டிருப்பது தெரியவந்தது. விசாரணை நடந்தது. சர்வரின் குறிப்பேட்டைப் பார்த்தார்கள். மாற்றிய நாள் இருந்தது, மணி இருந்தது, மாற்றியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'அலுவலகம்' என்று இருந்தது. ஐவருள் நால்வர் நிரந்தரப் பணியாளர். ஒருவர் மட்டும் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட உதவியாளர், இளைஞர், தந்தையை இழந்து குடும்பத்தைத் தாங்கியவர். அவர்மீது குற்றத்தை எவரும் வெளிப்படையாகச் சுமத்தவில்லை. ஆயினும் ஐயம் என்பது நீரைப்போல் தாழ்ந்த இடத்தை நோக்கியே ஓடும். அவரது பணி அடுத்த திங்களில் நீட்டிக்கப்படவில்லை. அவர் செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. செய்யவில்லை என்பதற்கும் சான்று இல்லை. அச்சான்று இல்லாமற்போனதற்குக் காரணம் யாமே என்பதை விசாரணை செய்தவர்கள் கேட்கவில்லை, யாமும் சொல்லவில்லை.

அந்த மௌனம் எம்மை உறுத்தியது. எல்லார்க்கும் அவரவர் பெயராலேயே ஒரே வாயிலேடு அமைத்து, இருபத்திரண்டு சர்வர்களும் அவ்வேட்டையே கேட்டறியும்படி செய்யவேண்டுமென்று உறுதி கொண்டோம். அதன்பொருட்டு இத்துறையின் வரலாற்றைப் படிக்கலானோம்.

கணினிக்குக் கடவுச்சொல் வந்த கதை சுவையுடையது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டு மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், கொர்பாட்டோ என்பாரும் அவர்தம் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையை ஆக்கினர். பலர் புழங்குமிடத்தில் ஒவ்வொருவர் கோப்பும் அவரவர்க்கே உரியதாதல் வேண்டுமன்றோ? அதற்கெனவே கடவுச்சொல் புகுத்தப்பட்டது. ஆனால் அச்சொற்கள் யாவும் மறைவின்றி ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. ஒருநாள் நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் இருவேறு கோப்புகளைத் திருத்த முற்பட, அவை தடுமாறி இடம்மாறின. அன்று உள்ளே புகுந்தவர் ஒவ்வொருவர்க்கும், வரவேற்புச் செய்திக்கு மாறாக எல்லாருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன! 1979-இல் மாரிஸ், தாம்ஸன் என்னும் இருவர், கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், மீட்டறிய இயலாத உருவமாகத் திரித்து, அதனோடு ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறான ஒரு சிறு கலப்பையும் சேர்த்துவைக்கும் முறையை விளக்கி எழுதினர். அக்கலப்புக்கு 'உப்பு' என்று பெயரிட்டனர். இன்றளவும் அப்பெயரே வழங்குகின்றது.

1980-களின் இடையில் சன் நிறுவனத்தார் ஒரே ஏட்டைப் பல கணினிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் முறை ஒன்றை 'எல்லோ பேஜஸ்' என்னும் பெயரில் வெளியிட்டனர். இங்கிலாந்தில் அப்பெயர் பிறர்க்கு உரிமையாயிருந்தமையின் பின்னர் அதனை மாற்றினர். அம்முறை எளியது, ஆனால் திரித்த கடவுச்சொற்களைக் கேட்டார்க்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் வெள்ளை உள்ளம் படைத்தது. 1983-இல் மேற்சொன்ன தொழில்நுட்பக் கழகத்தில் 'அதீனா' என்னும் பெருந்திட்டம் தொடங்கியது. நீதாம், ஷ்ரோடர் என்பார் 1978-இல் எழுதிய கருத்தை அடியாகக்கொண்டு, அத்திட்டத்தில் கெர்பெரோஸ் என்னும் முறை உருவாயிற்று. கிரேக்கக் கதைகளிற் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. 1988-இல் எக்ஸ்.500 என்னும் விரிந்த பெயரேட்டு முறை உலகப் பொதுவாக வகுக்கப்பட்டது. அதன் பாரத்தைக் குறைத்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியால் 1993-இல் எல்.டி.ஏ.பி. என்னும் இலகுவான முறை வெளிவந்தது. கெர்பெரோஸ், எல்.டி.ஏ.பி. என்னும் இவ்விரண்டும் சேர்ந்தே இன்று உலகெங்கும் நிலையங்களின் வாயில்களைக் காக்கின்றன.

இவற்றின் இயல்பை மாணவ நண்பர்க்கு ஓர் உவமையால் விளக்குவோம். எல்.டி.ஏ.பி. என்பது ஏடு. நாம் அஞ்சல் முகவரி எழுதுங்கால் ஆளின் பெயர், தெரு, ஊர், மாவட்டம் எனச் சிறியதினின்று பெரியதற்குச் செல்கின்றோம் அல்லவா? அவ்வேட்டிலும் ஒவ்வொருவர் இருப்பும் அவ்வாறே, பெயர், பிரிவு, நிலையம் என்னும் வரிசையிற் குறிக்கப்படும். அவருக்குரிய ஒரே எண்ணும், அவர் சேர்ந்த குழுக்களும் அதிலேயே இருக்கும்.

கெர்பெரோஸ் என்பது புகைவண்டி நிலையத்து டிக்கெட் அறை போன்றது. காலையில் ஒருவர் தம் கணினியில் கடவுச்சொல்லை இடுகின்றார். அச்சொல் கம்பிவழியே எங்கும் செல்வதில்லை. அதனின்று பிறக்கும் ஒரு சாவியால், அப்போதைய மணியைப் பூட்டி அவரது கணினி அனுப்புகின்றது. டிக்கெட் அறையில் அதே சாவியின் மறுபடி உண்டு. பூட்டு திறந்தால் வந்தவர் அவரே என்பது தெளிவு. உடனே அன்றைக்கு மட்டும் செல்லும் ஒரு டிக்கெட் அவருக்குக் கிடைக்கும். யாம் அதற்குப் பத்து மணி நேரம் ஆயுள் வைத்தோம். அதனைக் காட்டி, சம்பளச் சர்வருக்கு ஒன்று, நூலகத்திற்கு ஒன்று என வேண்டும்போது வேண்டிய டிக்கெட்டுகளைப் பெறலாம். மீண்டும் கடவுச்சொல் கேட்பாரில்லை. ஒருவர் காட்டிய டிக்கெட்டை வழியிற் பிடித்து மற்றொருவர் மறுமுறை காட்டி ஏமாற்றாதபடி, மணியும் ஒத்துப் பார்க்கப்படும். இரு கடிகாரங்கட்கிடையே ஐந்து நிமிடத்திற்கு மேல் வேற்றுமையிருப்பின் வழக்கமாக டிக்கெட் செல்லாது. இவ்வைந்து நிமிடத்தை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டுகின்றோம்; பின்னர் அது நம் கதைக்குள் வரும்.

அக்காலத்திலேயே எம் நிலையத்தார் பழைய இருபத்திரண்டு பெட்டிகளையும் கழித்துவிட்டு, வலிமைமிக்க இரண்டு பெரிய இயந்திரங்களை வாங்கினர். அவற்றுள் சர்வர்கள் யாவும் மெய்நிகர் சர்வர்களாகக் குடியேறின. இதனை ஒண்டுக் குடித்தனம் என்றால் எளிதில் விளங்கும். ஒரே பெரிய வீடு. அதிற் பத்துப் பதினைந்து குடித்தனங்கள். ஒவ்வொரு குடியும் தனக்கெனச் சமையலறையும் முற்றமும் தனியே உள்ளனவாகவே எண்ணி வாழும். இடத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, ஒருவரோடொருவர் மோதாமற் காக்கும் வீட்டுக்காரராக ஒரு மென்பொருள் அடியில் நிற்கும். இதுவும் புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே இதனை ஆய்ந்து, 1972-இல் வி.எம்./370 என்னும் பெயரால் விற்பனைக்கு அறிவித்தனர். சிறு கணினிகளின் இனத்திற்கு இவ்வித்தையைக் கொணர்ந்த வி.எம்.வேர் நிறுவனம் 1998-இல் தோன்றியது. லினக்ஸின் கருவிலேயே இவ்வாற்றல் சேர்ந்தது 2007-இல்.

யாம் அவ்விரு வீடுகளுள்ளும் இரண்டு ஏட்டுச் சர்வர்களை அமைத்தோம். ஒன்று கெட்டால் மற்றொன்று பணிசெய்யும். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தானே பதியும். ஆறு திங்கள் இராப்பகலாக உழைத்தோம். எழுநூற்றுச் சொச்சம் பேரின் பெயர்களை ஒன்றுபடுத்தினோம். ஒரே ஆளுக்குப் பலவிடத்திலும் இருந்த பல எண்களை ஒன்றாக்கி, பழைய எண்ணிற் கிடந்த கோப்புகளைத் தேடித்தேடி உரியவர்க்கு மாற்றினோம். 'அலுவலகம்' என்னும் பொதுப்பெயரை எம் கையாலேயே அழித்தோம். பணி முடிந்தபோது எமக்கு இறுமாப்புத் தலைக்கேறியது. எல்லா வாயிலும் ஒரே ஏட்டைக் கேட்பதே அழகு என்று கருதி, அவ்விரு வீட்டுக்காரர்களின் வாயிலையும் அவ்வேட்டோடு பிணைத்துவிட்டோம்.

பண்டகசாலைப் பொறுப்பாளராக அங்கே ஒரு பெரியவர் இருந்தார். கணினியைத் தொட்டறியாதவர். இயந்திரங்கள் வந்திறங்கிய நாளில், "தம்பி, இரும்புப் பெட்டிக்கு மாற்றுச்சாவியை உறையிலிட்டு முத்திரை வைத்து என்னிடம் கொடுப்பது இங்கு வழக்கம். இவற்றுக்கும் சாவி உண்டாமே, அதனையும் கொடுத்துவிடுங்கள்" என்றார். யாம் உள்ளூரச் சிரித்துக்கொண்டு, அன்று இட்டிருந்த தலைமைக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டுக் கொடுத்தோம். பின்னர் மிக நீண்டதொரு புதிய சொல்லால் அதனை மாற்றி, அப்புதுச் சொல்லைக் கோப்புச் சர்வரில் ஒரு மறைகோப்பினுள் வைத்தோம்.

2016-ஆம் ஆண்டு, தேர்வு விண்ணப்பத்தின் இறுதி நாளன்று விடியற்காலையில் மின்சாரம் நின்றது. பேட்டரிகள் தம் ஆற்றல் தீருமட்டும் தாங்கிப் பின் ஓய்ந்தன. மின்சாரம் மீண்டபோது காலை ஆறரை மணி. இரண்டு வீடுகளும் எழுந்தன. ஆனால் குடிகள் எழவில்லை. கோப்புப் பேழைகள் எழச் சற்று நேரமாகும் ஆதலின், குடிகளை யாமே வரிசைப்படி எழுப்பவேண்டுமென அமைத்திருந்தோம். எழுப்ப உள்ளே புகவேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் இட்டோம். வீட்டுக்காரர் ஏட்டைக் கேட்டார். ஏடோ இன்னும் எழாத குடிகளுள் ஒன்று. ஏட்டை எழுப்ப உள்ளே புகவேண்டும். உள்ளே புக ஏடு எழவேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவர் நிலை எமது நிலையாயிற்று.

தலைமைக் கடவுச்சொல் இருந்தால் ஏட்டைக் கேளாமலே புகலாம். அச்சொல்லை வைத்த கோப்புச் சர்வரும் உறங்கும் குடிகளுள் ஒன்று. இயந்திரத்தைத் தனிநிலையில் எழுப்பிப் புகும் குறுக்குவழி ஒன்றுண்டு. காவலை மிகுக்கின்றோம் என்று அதனையும் யாமே பூட்டியிருந்தோம். ஒன்பது மணிக்குத் தாழ்வாரத்தில் மாணவர் கூட்டம் நிரம்பியது. வெளியூரினின்று முதற்பேருந்தில் வந்தவர்கள், கையிற் கட்டணப் பணத்துடன், கதவையும் எம் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து நின்றனர். மீட்புத் தகடொன்றைத் தேடி எடுத்து யாம் நடுங்குங் கையுடன் நின்றபோது, பண்டகசாலைப் பெரியவர் உறையுடன் வந்தார்.

"ஐயா, அது பழையது, மாற்றிவிட்டோம்" என்றோம்.

"மாற்றினீர்களா? உறையை மாற்றவில்லையே! இரண்டு பெட்டிக்கும் மாற்றினீர்களா? நினைத்துப் பாருங்கள், தம்பி" என்றார்.

உறையைப் பிரித்தோம். முதல் இயந்திரத்தில் அச்சொல் செல்லவில்லை. இரண்டாவதிற் சென்றது! அதனை மாற்ற எண்ணியிருந்த நாளில் ஏதோ வேலை குறுக்கிட, யாம் மறந்திருக்கின்றோம். எமது திறமை பூட்டிய கதவை எமது மறதியும் அவரது ஒழுங்கும் சேர்ந்து திறந்தன.

உள்ளே புகுந்து பார்த்தால் மற்றொரு வியப்பு. பாரத்தைச் சமன்செய்யும் பொருட்டுக் குடிகளை வீட்டுக்கு வீடு தானே மாற்றும் ஏற்பாடு அங்கு உண்டு. அது இரண்டு ஏட்டுச் சர்வர்களையும் என்றோ ஒரே வீட்டில், அந்த இரண்டாம் வீட்டிலேயே, கொண்டுவந்து வைத்திருந்தது. ஒன்று கெட்டால் மற்றொன்று என்று யாம் நம்பியிருந்தது வெறுங் கனவு. எனினும் அன்று அதுவே எமக்கு நற்பேறாயிற்று. இரண்டையும் எழுப்பினோம்.

ஏடு எழுந்தும் ஒருவராலும் உட்புக இயலவில்லை! கடவுச்சொல் சரி, பெயர் சரி, ஆயினும் மறுப்பு. முக்கால் மணி நேரம் திகைத்தபின் கடிகாரத்தை நோக்கினோம். அவ்வியந்திரத்துள் கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி வலுவிழந்திருந்தமையால், மின்சாரமற்ற வேளையில் அது நாற்பது நிமிடத்துக்கு மேற் பின்தங்கியிருந்தது. வீட்டின் மணியையே குடிகளும் ஏற்றன. வெளியேயுள்ள கணினிகளோ சரியான மணியைக் காட்டின. கெர்பெரோஸ் பொறுப்பது ஐந்தே நிமிடம். வீடுகளுக்கு மணி சொல்லவேண்டிய நேரச் சர்வர் எங்கே என்று தேடினால், அதுவும் அவ்வீட்டிற்குள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது. மணியைத் திருத்தியவுடன் வாயில்கள் யாவும் ஒருங்கே திறந்தன. அப்போது நண்பகல் பன்னிரண்டே கால். நிலையத்தார் இறுதி நாளை மறுநாள்வரை நீட்டித்தனர், மாணவர்க்கு இழப்பில்லை. ஆனால் பலர் இரவு தங்க இடந்தேட நேர்ந்தது.

அன்றிரவே திருத்தங்களைத் தாளில் எழுதினோம். ஏட்டுச் சர்வர்களுள் ஒன்றைக் குடித்தனத்தினின்று வெளியேற்றி, தனக்கென ஒரு சிறு இயந்திரத்தில் வைத்தோம். மற்றவை ஒரே வீட்டிற் சேரலாகாது என்று விதி வகுத்தோம். வீட்டுக்காரர்க்கு ஏட்டைச் சாராத தனிச்சாவி ஒன்று என்றும் உண்டு. அது முத்திரையிட்ட உறையில் இருவேறு இடங்களில் இருக்கும். சொல் மாறும் நாளிலேயே உறையும் மாறும். மணியை வெளியுலகினின்று நேரே பெறும்படி வீடுகளை அமைத்தோம். எழுப்பும் வரிசையை, முதலிற் கோப்புப் பேழை, பின் பெயர்காட்டி, பின் ஏடு, பின் ஏனையவை என அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். ஏட்டை எட்டவியலாத வேளையிலும், முன்பு புகுந்தவர் மீண்டும் தம் கணினியிற் புகும்படி நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்தோம். ஆண்டுக்கொருமுறை, விடுமுறை நாளில், யாமே மின்சாரத்தை நிறுத்தி யாவற்றையும் மீண்டும் எழுப்பிப் பழகலானோம். முதன்முறை அவ்வொத்திகைக்குப் பண்டகசாலைப் பெரியவரே தலைமை தாங்கினார்.

ஒரே சாவியால் வரும் ஆபத்துகளையும் மறைத்தல் தகாது. அது களவு போனால் எல்லா அறைகளும் திறக்கும். ஆதலின் முக்கியமான இடங்கட்குக் கடவுச்சொல்லோடு கைப்பேசியிற் காணும் மாறும் எண்ணையும் கேட்கலானோம். இன்னொன்று: ஒரே ஏடு என்பது எல்லாருடைய வரவையும் போக்கையும் ஒரே இடத்திற் குறித்துவைப்பது. யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று வம்புக்குப் புரட்டிப் பார்க்கும் ஆசை எவர்க்கும் எழும். இருவர் ஒப்பமின்றி அக்குறிப்பேட்டைத் திறப்பதில்லை என்பதனையும் விதியாக்கினோம். வேலியே பயிரை மேய்தல் கூடாதன்றோ?

2017-இல் மீண்டும் மதிப்பெண்ணில் ஒரு மாறுபாடு தோன்றியது. இம்முறையும் ஐயம் புதிதாக வந்த ஒரு பெண் பணியாளர்மீது சாயத் தொடங்கியது. ஒப்பம் பெற்றுக் குறிப்பேட்டைத் திறந்தோம். மாற்றியவர் பெயர் இருந்தது. அவர் மூத்த அலுவலர். ஒரு வரிசையை மறுவரிசையில் தவறிப் பதிந்திருந்தார். பார்த்தவுடன் அவரே ஒப்புக்கொண்டு திருத்தினார். அரைமணியில் விஷயம் முடிந்தது. அப்பெண்மணி தம்மீது ஐயம் எழுந்ததையே அறியார்.

அன்று மாலை எமக்குப் பழைய உதவியாளரின் முகம் நினைவில் வந்தது. அவர் வேறோர் ஊரிற் கடையொன்றிற் கணக்கெழுதுவதாக அறிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிச் சென்றோம். 'அலுவலகம்' என்னும் பொதுப்பெயரை வைத்தவர் யாமே என்றும், விசாரணையில் அதனைச் சொல்லாது இருந்துவிட்டோம் என்றும், அந்தக் குற்றம் எம்முடையது என்றும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "சார், நான் செய்யவில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். ஆனால் காட்டுவதற்கு அந்த இயந்திரத்தில் எனக்கென்று ஒரு பெயர் இல்லையே" என்றார். எம்மை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். யாம் ஊர் திரும்பியதும், மறைத்ததை எழுத்தில் எழுதி நிலையத் தலைவரிடம் கொடுத்தோம். அவரது பணிச்சான்றில் குற்றமேதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்னும் வரி சேர்க்கப்பட்டது. மூன்றாண்டு தாழ்த்து வந்த அவ்வரியால் அவர் இழந்த வேலை திரும்பவில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் நாளை இத்தொழிலுக்கு வருவீர்கள். கெர்பெரோஸும் எல்.டி.ஏ.பி.யும் ஒருநாள் வேறு முறைகளுக்கு இடங்கொடுத்து ஒதுங்கலாம். ஆயினும் வாயிலேட்டில் ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயர் இருத்தல் வேண்டும் என்பது மாறாது. பெயர் என்பது குற்றவாளியைப் பிடிக்க மட்டுமன்று. குற்றமற்றவர் தலைநிமிர்ந்து நிற்கவும் அதுவே துணை. உங்கள் கடவுச்சொல்லை நண்பரென்று எவர்க்கும் கொடாதீர்கள். பிறர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூட்டுகளை அமைக்குங்கால், பூட்டியவரே வெளியே நிற்கும் நாளையும் எண்ணி அமையுங்கள்.

சென்ற ஆண்டு பழைய மாணவர் கூட்டத்திற்கு வந்தபோது விடுதி வாயிலில் நின்றோம். காவலர் இன்று இல்லை. அவ்விடத்தில் விரல்ரேகை பார்க்கும் சிறு கருவி ஒன்று சுவரிற் பதிந்திருக்கின்றது. அருகே மேசைமேல், மின்சாரம் நிற்கும் வேளைக்கென, நீண்ட ஏடு ஒன்றும் பேனாவும் இருக்கக் கண்டோம். எவரும் கேளாமலே அதில் எம் பெயரை எம் கையால் எழுதிவிட்டு உள்ளே சென்றோம்.